விடாத கிளட்ச்: 1976 புல்லட் ஒன்றின் பழுதும் அதைக் கண்டறிந்த வழியும்

வண்டி

இந்தக் குறிப்பில் வரும் வண்டி 1976-இல் பதிவான ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 மோட்டார் சைக்கிள். வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வடிவமைப்பைக் கொண்டு 1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் பல்லாண்டுகள் வார்த்தெடுத்த வரிசையைச் சேர்ந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர் லிவருக்கு அருகில் ஒரு குட்டி லிவர் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எந்தக் கியரில் இருந்தாலும் அதை மிதித்தால் வண்டி நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும். இந்தக் கதையில் அந்தக் குட்டி லிவருக்கு ஒரு பங்கு இருக்கிறது.

கிளட்ச் எப்படி விடுகிறது, அதாவது எஞ்சினின் விசையைச் சக்கரத்திலிருந்து எப்படிப் பிரிக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹேண்டில்பாரின் இடப்பக்க லிவரை இழுத்தால், கேபிள் பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடி, வலப்பக்கத்து கியர் பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் ஒரு நெம்புகோலை அசைக்கிறது. அந்த நெம்புகோல், மெயின் ஷாஃப்டின் துளைக்குள் நீளவாக்கில் கிடக்கும் புஷ் ராடைத் தள்ளுகிறது. ராடு வண்டியின் குறுக்கே நகர்ந்து, இடப்பக்கத்துச் செயின் கேஸுக்குள் எண்ணெயில் நனைந்து கிடக்கும் கிளட்சின் பிரஷர் பிளேட்டை ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை மீறி வெளியே தள்ளுகிறது. பிளேட்டுகள் பிரிகின்றன. ஆக, கை இழுப்பதும் பிளேட்டு பிரிவதும் இடப்பக்கம். இடையில் விசை வலப்பக்கம் போய்த் திரும்புகிறது. அந்த வழியில் எங்கே கால் மில்லிமீட்டர் தொலைந்தாலும் கையில் தெரியாது, பிளேட்டில் தெரியும்.

வண்டியைப் புதிதாக வாங்கியவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். இப்போது ஓட்டுவது அவருடைய மகன்.

முறையீடு

ஒரு கார்த்திகை மாதத்தில், மழை ஓய்ந்த வாரம், வண்டியை மகன் என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டைக்கு அருகே, முன்னால் நின்ற சைக்கிளின் பின்சக்கரத்தில் வண்டி தானாக நகர்ந்து முட்டியிருந்தது. கிளட்ச் லிவர் கைப்பிடியோடு ஒட்டும் வரை இழுத்த நிலையில்தான் அது நடந்தது. சைக்கிளில் இருந்த முதியவருக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேரியரில் கட்டியிருந்த எவர்சில்வர் தூக்கு கீழே விழுந்து நசுங்கியதாம். மகன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இனிமேல் சரியாகும் வரை ஏறுவதில்லை என்று ஏழு கிலோமீட்டர் தள்ளியே வந்திருந்தார்.

அவர் சொன்ன அறிகுறிகள் இவை. காலையில் முதல் கியர் போடும்போது வண்டி ஒரு முறை துள்ளி அணைந்துவிடுகிறது. ஓடிச் சூடான பிறகு நின்ற இடத்தில் நியூட்ரல் விழுவதே இல்லை. ஆகவே சிக்னல் வருவதற்கு முன்பே, வண்டி உருளும்போதே, குட்டி லிவரை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுவார். இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். துள்ளி அணைவதைத் தடுக்க ஐட்லிங்கையும் சற்று உயர்த்தி வைத்திருந்தார். அது நின்ற இடத்தில் வண்டி முன்னுக்கு இழுக்கும் வேகத்தைக் கூட்டியதே தவிர உதவவில்லை.

குட்டி லிவர் இல்லாத வண்டியாக இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் பட்டறைக்கு வந்திருக்கும். அந்த வசதிதான் பழுதை இரண்டு வருடம் மறைத்து வைத்தது என்பது என் எண்ணம்.

முதல் நாள் பார்த்தவை

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் அணைந்த நிலையில், கிளட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினேன். இந்த வண்டியில் கிக்கரின் விசை கியர் பாக்ஸ் வழியாகக் கிளட்சைத் தாண்டித்தான் எஞ்சினுக்குப் போகிறது. கிளட்ச் ஒழுங்காக விட்டால் கிக்கர் இலகுவாக இறங்க வேண்டும், பிஸ்டன் அசையக் கூடாது. இங்கே கம்ப்ரஷன் காலில் முழுதாகத் தெரிந்தது. பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது முறை அழுத்தியபோது ஏதோ பிசின் விடுவதுபோல் மெல்ல நழுவியது.

லிவர் கனமாக இருந்தது. இரண்டு விரலால் இழுக்க வேண்டியதற்கு முழுக்கையும் தேவைப்பட்டது. லிவர் முனையில் துளி ஆட்டம்கூட இல்லை. அங்கே 3 மி.மீ. அளவுக்காவது தளர்வு இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் புஷ் ராடு ஓய்வே இல்லாமல் அழுத்தப்பட்டுக்கொண்டிருக்கும். கேபிள் அட்ஜஸ்டரோ கடைசி மரை வரை வெளியே வந்திருந்தது.

கேபிளை கியர் பாக்ஸ் முனையில் கழற்றிவிட்டு லிவரை இழுத்துப் பார்த்தேன். தடையின்றி ஓடியது. உள்கம்பியில் பிசிறு இல்லை. உறை எங்கும் நசுங்கவில்லை. சமீபத்தில் மாற்றிய கேபிள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஆக, கனம் கேபிளில் இல்லை. அப்போது அந்தக் கனத்தின் காரணத்தை நான் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை.

எண்ணெய் மாற்றியதும் பாதி குணமானதும்

செயின் கேஸின் எண்ணெய்த் திருகைக் கழற்றி ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டு எடுத்தேன். தொங்கிய துளி விழவே இல்லை. நூலாக நீண்டு நின்றது. கியர் பாக்ஸுக்கான 90 கிரேடு எண்ணெய், மணமே காட்டிக்கொடுத்தது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே தேனைத் தடவி அழுத்தினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் குளிர்ந்த பிளேட்டுகள் அந்த எண்ணெயில் இருந்திருக்கும்.

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எண்ணெயை வடித்து, மண்ணெண்ணெய் விட்டு அலசி, 20டபிள்யூ-50 மோட்டார் சைக்கிள் எண்ணெயை லெவல் திருகு வரை ஊற்றினேன். கேபிளைத் தளர்த்தி லிவருக்கு ஆட்டம் கொடுத்தேன். மறுநாள் காலை முதல் கியர் துள்ளாமல் விழுந்தது. மகனுக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

நான்கு நாள் கழித்து வண்டி திரும்பி வந்தது. குளிர்ந்த எஞ்சினில் நன்றாக இருக்கிறது, பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு பழையபடி இழுக்கிறது, நியூட்ரல் விழவில்லை. போதாததற்கு, கேபிளில் ஆட்டம் கொடுத்ததால் சூட்டில் இழுப்பது முன்னைவிட அதிகம்.

இந்த வேறுபாட்டைக் கவனிப்பது முக்கியம். குளிரில் ஒட்டிச் சூட்டில் விடுகிற கிளட்சில் முதலில் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் ஒட்டினால் காரணம் எண்ணெய் அல்ல. சூடாக ஆக எண்ணெய் இளகும், பிடிப்பு குறையும். சூட்டில் இழுக்கிறது என்றால் பிளேட்டுகள் போதிய அளவு பிரியவில்லை, அல்லது சமமாகப் பிரியவில்லை. இந்த வண்டியில் இரண்டு பழுதும் ஒன்றாக இருந்தன. எண்ணெய் மாற்றியதில் ஒன்று போனது. அந்த நிம்மதியில் மற்றதை நான் பார்க்கவில்லை.

பெரியவரின் டைரி

இந்த முறை பெரியவரும் கூட வந்திருந்தார், கையில் ஒரு பாக்கெட் டைரியோடு. பெட்ரோல், ஆயில், பங்க்சர் என வண்டிக்கு ஆன ஒவ்வொரு செலவையும் கிலோமீட்டர் கணக்கோடு நீல மையில் எழுதி வைத்திருந்தார். கண் மங்கிய பிறகு எழுத்து பெரிதாகியிருந்ததே தவிர, ஒரு நாளும் விடுபடவில்லை.

“தம்பி, நாலு இடத்தில் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம். யார் என்ன செய்தார்கள் என்று இதில் இருக்கிறது. முதல் நாளே கொண்டுவந்திருக்க வேண்டும்,” என்றார்.

“நான்தான் கேட்டிருக்க வேண்டும், ஐயா,” என்றேன். உண்மையும் அதுதான்.

இரண்டரை வருடத்துப் பக்கங்களைப் புரட்டியபோது பழுதின் வரலாறு வரிசையாக வந்தது. முதல் பதிவு: செயின் கேஸுக்கு எண்ணெய் மாற்றம், காருக்கு வாங்கியதில் மீந்தது. மூன்று வாரம் கழித்து: “பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி ஏறவில்லை.” அதாவது கிளட்ச் வழுக்குகிறது. எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காகக் கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கிறார்கள். எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு அது ஆகாது. மோட்டார் சைக்கிள் எண்ணெய் டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்த பதிவு: “ஸ்பிரிங் டைட் செய்தது.” அதற்கடுத்த மாதம்: “கிளட்ச் கனம். கை வலி.” பிறகு: “கேபிள் அறுந்தது, புதியது.” வழுக்கல் முழுதாக நிற்காததால் இன்னொரு பட்டறையில், எண்ணெய் நீர்த்திருக்கிறது என்று 90 கிரேடு ஊற்றியிருக்கிறார்கள். வழுக்கல் நின்றது. அதோடு: “நியூட்ரல் விழவில்லை.” நான்காவது இடத்தில் கேபிளை இறுக்கியிருக்கிறார்கள். பிறகு இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். கடைசியாக மறுபடி ஒரு புதிய கேபிள்.

ஒரு லிட்டர் டப்பாவில் மீந்த எண்ணெயில் தொடங்கி, ஒவ்வொரு வைத்தியமும் முந்தைய வைத்தியத்தால் வந்த நோய்க்கே தரப்பட்டிருந்தது. அந்தப் பட்டறைக்காரர்கள் யாரும் திறமையற்றவர்கள் அல்ல. அவரவர் கண்முன் நின்ற அறிகுறிக்கு அவரவர் செய்தது சரியாகவே பட்டிருக்கும். டைரியை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

திறந்தபோது கண்டவை

இடப்பக்கத்துக் கால்மிதியையும் பிரேக் மிதியையும் கழற்றினேன். செயின் கேஸ் மூடியை நடுவில் ஒரே ஒரு நட்தான் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் மூடி முழுதாக வந்துவிடும். மரைகள் அங்குல அளவில் உள்ளவை. மில்லிமீட்டர் ஸ்பேனரை உத்தேசமாக மாட்டித் திருகி நட்டின் முனைகளை மழுக்கிய அடையாளம் இந்த வண்டியிலும் இருந்தது.

எதையும் கழற்றுவதற்கு முன், பிரஷர் பிளேட் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தேன். இந்த வேலை முழுவதிலும் நான் செய்த பயனுள்ள காரியம் இதுதான், செலவும் இல்லை. டயல் கேஜின் காந்த அடியைப் பிரேமில் ஒட்டி, முள்ளைப் பிரஷர் பிளேட்டின் விளிம்பில், ஸ்பிரிங் மூடியைப் பிடிக்கும் மூன்று திருகுகளுக்கு நேராக ஒவ்வொரு இடத்திலும் வைத்தேன். மகன் லிவரைக் கைப்பிடி வரை இழுத்துப் பிடித்தார்.

முதல் இடத்தில் 1.9 மி.மீ. இரண்டாவதில் 1.6. மூன்றாவதில் 0.7.

மூன்றாவதை நம்பாமல் மறுபடி அளந்தேன். அதே 0.7. பிளேட் நேராக வெளியே வரவில்லை, கதவு திறப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து திறந்தது. லிவரை இழுத்த நிலையில் கிக்கரை மெல்ல அழுத்தியபோது பிரஷர் பிளேட் தள்ளாடிச் சுழன்றதை வெறுங்கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, “தேர்ச் சக்கரம் மாதிரி ஆடுகிறதே,” என்றார்.

கிடைக்கும் இந்த நகர்வை எல்லா உராய்வு முகங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நல்ல பக்கத்திலேயே ஒரு முகத்துக்கு அரை மில்லிமீட்டர் தேறாது. 0.7 மட்டும் நகரும் பக்கத்தில் பிளேட்டுகள் பிரிவதாகவே கொள்ள முடியாது. அங்கே அவை உரசிக்கொண்டே சுழல்கின்றன; உரசுவதால் சூடாகின்றன; சூட்டில் இன்னும் வளைகின்றன. ஓடிய பிறகு பழுது முற்றியதன் காரணம் இதுவே.

பிறகு கழற்றினேன். ஸ்பிரிங்குகளில் ஒரு பக்கத்தில் இருந்தவற்றுக்கு அடியில் மட்டும் 2 மி.மீ. தடிமனில் வாஷர்கள் இருந்தன. டைரியில் இருந்த “டைட் செய்தது” என்பது இதுதான். அந்த ஸ்பிரிங்குகளின் உயரத்தை வெர்னியரால் அளந்தபோது மற்றவற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. ஆக, போட்டவர் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. குட்டையானவற்றைச் சமன்செய்ய முயன்றிருக்கிறார். ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றாமல் வாஷர் வைத்ததால் அந்தப் பக்கம் அழுத்தம் மிகுந்து, பிரஷர் பிளேட் சாய்ந்துவிட்டது.

உராய்வு பிளேட்டுகளின் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. ஸ்டீல் பிளேட்டுகளில் ஒன்றில் நீலம் பூத்த சூட்டுத் தடம். தட்டையான பிளேட்டுகளைத் தடித்த கண்ணாடிப் பலகையில் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். நீலம் பூத்தது 0.35 மி.மீ. வளைந்திருந்தது. மற்றவற்றில் 0.1 நுழையவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: இந்தக் கிளட்சில் எல்லா ஸ்டீல் பிளேட்டுகளும் தட்டை அல்ல. நடுவே குழிவாகவே செய்யப்பட்டவையும் உண்டு. அவற்றை வளைந்துவிட்டதாக எண்ணித் தட்டி நேராக்கியவர்களை எனக்குத் தெரியும். எது எந்த வரிசையில், குழிவு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளேட்டுகள் அமர்ந்திருக்கும் கிளட்ச் டிரம்மின் காடிகளில் விரல் நகத்தை ஓட்டினேன். ஒவ்வொரு பிளேட்டின் காது (காடிக்குள் நீட்டி நிற்கும் விளிம்பு) பட்ட இடத்திலும் நகம் தடுக்கியது. அம்மிக்கல்லில் நாளடைவில் விழும் பள்ளம்போல் சுமார் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தழும்பு. பிளேட் வெளியே நகரும்போது அதன் காது அந்தத் தழும்பில் மாட்டிக்கொள்ளும். பிரஷர் பிளேட் வழிவிட்டாலும் உள்ளே இருக்கும் பிளேட் நகராது.

கடைசியாகப் புஷ் ராடு. காய்ந்து கறுத்த கிரீஸ் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்ததும் ஒரு முனை காளான்போல் விரிந்திருப்பது தெரிந்தது. ஆட்டமே இல்லாமல் கேபிளை இறுக்கி ஓட்டியதால் ராடு எந்நேரமும் அழுத்தப்பட்டு, சுழற்சியில் சூடேறி, கெட்டித்தன்மை போய் நசுங்கியிருக்கிறது. புதிய ராடுடன் ஒப்பிட்டபோது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. அந்த நீளம் குறையக் குறைய கியர் பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் நெம்புகோல் தன் சரியான கோணத்தை விட்டு விலகும். விலகினால் கேபிள் அதே தூரம் இழுத்தாலும் ராடு குறைவாகவே நகரும். கேபிளை இறுக்க இறுக்கக் கிளட்ச் மோசமானதற்கு இதுவே விளக்கம்.

எடுத்த முடிவுகள்

ஸ்பிரிங்குகளை முழுத் தொகுதியாக மாற்றினோம். குட்டையானவற்றை மட்டும் மாற்றலாம் என்று மகன் கேட்டார். பழையதும் புதியதும் கலந்தால் அதே சாய்வு வேறு பக்கத்தில் வரும் என்பதால் ஒப்பவில்லை. வாங்கி வந்த ஸ்பிரிங்குகளையும் ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்று 0.6 மி.மீ. குட்டை, கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டோம்.

புஷ் ராடையும் வளைந்த ஸ்டீல் பிளேட்டையும் மாற்றுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. உராய்வு பிளேட்டுகளில் தடிமன் மீதி இருந்தது. என்றாலும் இரண்டு வகை தவறான எண்ணெயைக் குடித்தவை, காதுகளும் தேய்ந்தவை. அவற்றைத் தேய்த்துக் கழுவி மறுபடி போடுவது ஆறு மாதத்தில் இதே வேலையைத் திரும்பச் செய்ய அழைப்பதாகும். புதியவற்றை ஓரிரவு எண்ணெயில் ஊறவைத்தேன்.

டிரம் விஷயத்தில்தான் நெடுநேரம் யோசித்தேன். மாற்றுவதே முழுமையான தீர்வு. ஆனால் அது வண்டியோடு வந்த டிரம், பற்கள் நன்றாக இருந்தன, பேரிங்கில் ஆட்டம் இல்லை, தழும்பும் அரை மில்லிமீட்டர்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, டிரம்மைக் கையில் வாங்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அரத்தால் சீராக்கிப் பார்ப்பது, அடுத்த முறை திறக்கும்போது தழும்பு திரும்பியிருந்தால் மாற்றுவது என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம். தட்டை அரத்தால் ஒவ்வொரு காடியின் இரு சுவரையும் பத்து இழுப்பு, பிறகு பார்வை, பிறகு பத்து இழுப்பு. ஒரு பகல் முழுதும் ஆனது. கடைசியில் புதிய பிளேட் ஒன்றை டிரம்மில் விட்டுக் கவிழ்த்தால் தன் எடையிலேயே நழுவி விழுந்தது.

எண்ணெய்க்கு மெல்லிய ஏ.டி.எஃப். (தானியங்கி கியர் பாக்ஸ் எண்ணெய்) ஊற்றச் சொல்லும் பழைய புல்லட்காரர்கள் உண்டு; கிளட்ச் இலகுவாக விடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நேரத்தில் இத்தனையை மாற்றும்போது எண்ணெயையும் புதுவகையாக்கினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும். ஆகவே அதே 20டபிள்யூ-50.

பூட்டிய பின்

பூட்டியதும் மறுபடி டயல் கேஜ். 2.0, 2.1, 1.9. மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்று. கிக்கரை அழுத்தியபோது பிரஷர் பிளேட் தள்ளாடாமல் சுழன்றது. பிரைமரி செயினின் தொய்வு 6 மி.மீ. இருப்பதைப் பார்த்துவிட்டு மூடியைப் போட்டேன். கியர் பாக்ஸ் மூடியில் உள்ள சிறு ஜன்னலைத் திறந்து முதலில் ராடின் அட்ஜஸ்டரைச் சரிசெய்து, அதன் பிறகே கேபிளுக்கு வந்தேன். இந்த வரிசை மாறக் கூடாது. ராடு பக்கத்தில் உள்ள குறையைக் கேபிளால் ஈடுகட்டத் தொடங்கும் இடத்தில்தான் நெம்புகோலின் கோணம் கெடுகிறது.

ஐட்லிங்கை இறக்கினேன். மகன் பாபநாசம் வரை போய்த் திரும்பினார். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது பட்டறை வாசலில் நிறுத்தி, குட்டி லிவரைத் தொடாமல், கியர் லிவரால் மட்டும் நியூட்ரலைத் தேடினார். முதல் முயற்சியில் விழுந்தது. மறுபடி முதல் கியர், மறுபடி நியூட்ரல். ஐந்தாறு முறை செய்துவிட்டு எஞ்சினை அணைத்தார். பெரியவர் பிறகு தானும் ஏறி உட்கார்ந்து லிவரை இழுத்துப் பார்த்தார். இரண்டு விரலால்.

ஆறு மாதம் கழித்து

2,100 கிலோமீட்டர் ஓடியபின் வண்டியைப் பார்த்தேன். சூட்டில் இழுப்பது திரும்பவில்லை. வழுக்கலும் இல்லை. லிவர் ஆட்டம் சற்றுக் குறைந்து, ஒரு முறை மட்டும் சரிசெய்யப்பட்டிருந்தது. புதிய பிளேட்டுகள் படியும்போது அது இயல்பு.

இரண்டு குறைகள் மீதமிருக்கின்றன. ஒன்று, நாலைந்து நாள் நிறுத்திவைத்து எடுத்தால் முதல் முறை பிளேட்டுகள் இலேசாக ஒட்டியிருக்கின்றன. கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை அழுத்திவிட்டால் விட்டுவிடுகிறது. இந்த வகை வண்டியில் இதைப் பழுதாக நான் கருதுவதில்லை. பெரியவர் ஓட்டிய காலத்தில் மழைக்காலம் முழுக்க வண்டி நிற்கும்போது, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் கிளட்ச் லிவரை இழுத்துக் கட்டிவைப்பாராம். பிளேட்டுகள் பிரிந்தே இருக்கும், ஒட்டாது. மகனுக்கு இது தெரியாது. இப்போது அந்தப் பட்டை மறுபடி ஹேண்டில்பாரில் தொங்குகிறது. ஸ்பிரிங் தளரும் என்று இதை வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஓரிரு மாதம் கட்டிவைப்பதற்கு நான் அஞ்ச மாட்டேன்.

மற்றது என்னால் வந்தது. ஐட்லிங்கில் இடப்பக்கத்திலிருந்து ‘கடகட’ என்று மெல்லிய ஓசை வருகிறது. கிளட்சை இழுத்தால் மாறுகிறது. அரம் போட்டதில் இரண்டு காடிகள் மற்றவற்றைவிட அகன்றுவிட்டன, பிளேட்டின் காது அங்கே தட்டுகிறது. ஓட்டத்துக்குக் கேடில்லை, ஆனால் அடிபட அடிபடத் தழும்பு சீக்கிரம் திரும்பும்.

மறுபடி இதே வேலை வந்தால்

முதலில் வரலாற்றைக் கேட்பேன். டைரி எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் ‘இந்தப் பழுதுக்கு முன்னால் என்ன பழுது இருந்தது, அதற்கு என்ன செய்தார்கள்’ என்ற கேள்விக்குப் பதில் எல்லாரிடமும் இருக்கும்.

கேபிள் இலகுவாக ஓடியும் லிவர் கனமாக இருந்த முதல் நாளிலேயே செயின் கேஸைத் திறந்திருப்பேன். அந்தக் கனம் ஸ்பிரிங் பக்கம்தான் இருக்க முடியும் என்பது நின்று யோசித்தால் தெரியக்கூடியதே. எண்ணெயைப் பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். அதன் விலை, சூட்டில் இழுக்கும் வண்டியை நான்கு நாள் அவர் சாலையில் ஓட்டியது. முன்பு நசுங்கியது தூக்கு மட்டுமே. அந்த நான்கு நாளில் அதைவிடப் பெரிதாக எதுவும் நடந்திருக்கலாம்.

பிரஷர் பிளேட்டின் நகர்வை மூன்று இடத்தில் அளக்காமல் இனிக் கேபிளைத் தொடப்போவதில்லை. பத்து நிமிட வேலை. டயல் கேஜ் இல்லாதவர்கள் வெர்னியரின் ஆழக் கம்பியால் அளக்கலாம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் துல்லியம் இதற்குப் போதும்.

காடிகளைக் கண்ணால் பார்த்து அரம் போட மாட்டேன். அகலத்துக்கு ஒரு தகட்டை வெட்டி அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காடியிலும் அதை விட்டுப் பார்த்தபடி செய்வேன். அல்லது டிரம்மை முதலிலேயே மாற்றிவிட்டு, பழையதை எண்ணெய் பூசித் துணியில் சுற்றிப் பெரியவரிடம் கொடுத்திருப்பேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் மூடியைத் திறந்து பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். புதிய டிரம் ஒன்றை வாங்கி, காடிகளை அளந்து, அலமாரியில் வைத்திருக்கிறேன்.